பெயர் மாறாது, எண் மாறும்



மருத்துவமனைக்குக் கம்ப்யூட்டர், பிரிண்டர், லேப் மெஷின் என்று வாங்கிக் கொடுக்கிற சபைகள் அநேகம். அவை கண்ணுக்குத் தெரிகிற பொருட்கள்; கொடுத்தவர் பெயரைத் தகட்டில் பொறித்து மேலே ஒட்டவும் முடியும். அவை ஒன்றையொன்று கண்டுபிடித்துப் பேசிக்கொள்வதற்கான ஏற்பாடோ யார் கண்ணிலும் படுவதில்லை. கணக்கு அறிக்கையில் "நெட்வொர்க் வேலை" என்று ஒரு வரி வரும்போது, "ஒயர் இழுத்து மாட்டினால் போதாதா? அதற்கு மேல் என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இக்கட்டுரை.

எந்த மருத்துவமனையிலும் உள்ள உள்நோயாளிப் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயர் வேறு, படுக்கை எண் வேறு. அட்மிஷன் மேஜையில் இருப்பவர் எந்தப் படுக்கை காலி என்று பார்த்து எண் கொடுக்கிறார். அடுத்த மாதம் அதே நோயாளி திரும்ப வந்தால் வேறு படுக்கை கிடைக்கும். பார்க்க வருகிற உறவினருக்குப் பெயர்தான் தெரியும். அவர் விசாரணை மேஜையில் பெயரைச் சொல்ல, அங்கிருப்பவர் ரிஜிஸ்தரைப் பார்த்து, "இரண்டாம் வார்டு, பதினான்காம் படுக்கை" என்று வழிகாட்டுகிறார்.

கம்ப்யூட்டர்களுக்கும் இந்த இரண்டு மேஜைகள் உண்டு. எண் கொடுக்கும் மேஜைக்கு டிஎச்சிபி என்று பெயர். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் மேஜைக்கு டிஎன்எஸ் என்று பெயர். காரியம் முழுவதும் ஒரே கேள்வியில் நிற்கிறது: படுக்கை கொடுத்தவர் அந்த நிமிஷமே விசாரணை மேஜைக்குத் தெரிவித்தாரா?

தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு இரத்தத்தில் பொட்டாசியம் மிக அதிகமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது இருதயத்தையே நிறுத்திவிடக்கூடிய நிலை. லேப்பிலிருந்து முடிவை அந்த வார்டின் பிரிண்டருக்கு அனுப்புகிறார்கள். ரிஜிஸ்தரில் அந்தப் பிரிண்டருக்கு நேராக நேற்றைய எண் இருக்கிறது. இன்று அந்த எண் மருந்தகத்தின் பிரிண்டருக்குப் போய்விட்டது. தாள் மருந்தகத்தில் அச்சாகிக் கிடக்கிறது. லேப்பில் "அனுப்பியாயிற்று" என்கிறார்கள். வார்டில் "வரவில்லை" என்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மை. ஒருவருடைய நோய் விவரம் சம்பந்தமில்லாதவர் கையில் அகப்பட்டது அதற்கு மேல் ஒரு கேடு. இதற்காகவே ஆபத்தான முடிவுகளை வார்டுக்குப் போன் செய்து சொல்லி, கேட்டவரைத் திரும்பச் சொல்லச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கத்தை எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் கைவிடக் கூடாது.

ஆதியில் இந்த இரண்டு மேஜைகளும் இல்லை. 1970களில் அமெரிக்காவின் ஆர்பாநெட் என்ற நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், எலிசபெத் ஃபைன்லர் அம்மையாரின் தலைமையில் இயங்கிய அலுவலகம் அதைப் பராமரித்தது. புதிய கம்ப்யூட்டர் வந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் பட்டியலில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகியபோது அது தாங்கவில்லை. 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டிஎன்எஸ் முறையை வகுத்தார். எண் கொடுக்கும் டிஎச்சிபி, பத்து வருஷம் கழித்து 1993ல், ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதிய விதிகளின் மூலம் வந்தது. விசாரணை மேஜையின் ரிஜிஸ்தரில் கைபடாமல் பதிவுசெய்யும் வழியோ 1997 ஏப்ரலில்தான், ஆர்எஃப்சி 2136 என்ற விதித்தாளில் எழுதப்பட்டது. இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. இரண்டும் தனித்தனியே பிறந்தவை. ஆகவே இன்றைக்கும் ஒருவர் உட்கார்ந்து இணைத்துவைத்தால்தான் அவை இணைந்து வேலை செய்யும்.

"எங்கள் வீட்டில் வைஃபை பெட்டியை மாட்டினோம், ஒன்றும் செய்யாமலே ஓடுகிறதே" என்று சிலர் சொல்வார்கள். மெய்தான். அந்தப் பெட்டிக்குள்ளும் எண் கொடுக்கும் மேஜை இருக்கிறது. ஆனால் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைப் பெயர் சொல்லித் தேடுவது அபூர்வம். எல்லாம் வெளியே இன்டர்நெட்டுக்குத்தான் போகின்றன. மருத்துவமனையிலோ தேடல் எல்லாம் உள்ளுக்குள்ளேயே நடக்கிறது.

எண் கொடுக்கும் விதம் எளியது. கம்ப்யூட்டரைப் போட்டவுடன் அது "எண் தருகிறவர் யாராவது உண்டா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிடுகிறது. சர்வர் "இந்த எண் காலி" என்கிறது. கம்ப்யூட்டர் "அதையே தாருங்கள்" என்கிறது. சர்வர் "சரி, இத்தனை நாளைக்கு உனக்கு" என்று உறுதி சொல்கிறது. "இத்தனை நாளைக்கு" என்பதைக் கவனியுங்கள். எண் சொந்தம் அல்ல, குத்தகை. விண்டோஸ் சர்வரில் எதையும் மாற்றாமல் விட்டால் குத்தகைக் காலம் 8 நாள். பாதிக் காலம் கழிந்ததும், அதாவது 4ஆம் நாள், கம்ப்யூட்டர் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். ஆகையால் சர்வர் வெள்ளிக்கிழமை இரவு பழுதாகித் திங்கட்கிழமை காலை சரியானால், ஓடிக்கொண்டிருந்த எந்தக் கம்ப்யூட்டரும் தன் எண்ணை இழக்காது. எதற்கும் ஏறக்குறைய 4 நாளாவது பாக்கி இருக்கும். குத்தகையை ஒரு மணி நேரமாக வைத்திருந்தாலோ, சர்வர் பழுதான அரை மணியிலிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தடுமாறத் தொடங்கும். வார்டுகளுக்கும் லேப்புக்கும் நீண்ட குத்தகையே நல்லது என்பது என் துணிபு.

புறநோயாளிகள் காத்திருக்கும் மண்டபத்தில் கணக்கே வேறு. சிறிய நெட்வொர்க் ஒன்றில் கொடுக்கக்கூடிய எண்கள் 254தான். காலையில் 300 பேர் கைபேசியோடு வந்து வைஃபையைத் தொட்டுவிட்டுப் போனால், 8 நாள் குத்தகையில் எல்லா எண்களும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ஆட்கள் போய்விட்டாலும் எண்கள் அவர்கள் பெயரிலேயே பூட்டிக்கிடக்கும். அங்கே ஒரு மணி, இரண்டு மணி போதும். அந்தக் கைபேசிகளை வார்டுகளின் நெட்வொர்க்கிலிருந்து முழுவதும் பிரித்தே வைக்க வேண்டும். இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

இனி முக்கியமான சிக்கலுக்கு வருவோம். மருத்துவமனை நெட்வொர்க் ஒரே ஜாதிக் கம்ப்யூட்டர்களால் ஆனதல்ல. பில் போடும் இடத்தில் விண்டோஸ் இருக்கும். நோயாளிப் பதிவேடுகளை வைத்திருக்கும் சர்வர் லினக்ஸாக இருக்கும். யாராவது அன்பளிப்பாகக் கொடுத்த ஆப்பிள் கம்ப்யூட்டர் இருக்கும். பிரிண்டர்களும் லேப் மெஷின்களும் வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம். விண்டோஸ் கம்ப்யூட்டர், 2000ல் வெளிவந்த விண்டோஸ் 2000 முதற்கொண்டு, எண் கிடைத்ததும் தானே விசாரணை மேஜைக்குப் போய்த் தன் பெயரை எழுதிக்கொள்ளும். லினக்ஸ் பெரும்பாலும் அட்மிஷன் மேஜையில் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடும். பிரிண்டர் சில வேளைகளில் தொழிற்சாலையில் வைத்த ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்த பெயரைச் சொல்லும். விளைவு, ரிஜிஸ்தரில் சிலர் இருப்பார்கள், சிலர் இருக்கமாட்டார்கள்.

இதற்குத் தீர்வு, எல்லாருக்காகவும் அட்மிஷன் மேஜையே ரிஜிஸ்தரில் எழுதுவது. கம்ப்யூட்டர் தானே எழுதிக்கொள்ள விரும்பினாலும் விடக்கூடாது. விண்டோஸ் டிஎச்சிபி சர்வரில் "எப்போதும் புதுப்பி" என்ற தேர்வும், கேட்கத் தெரியாத கம்ப்யூட்டர்களுக்காகவும் எழுது என்ற தேர்வும் இருக்கின்றன. இரண்டையும் குறிக்க வேண்டும். லினக்ஸ் சர்வரிலும் இதே ஏற்பாடு செய்யலாம். எண் கொடுப்பது விண்டோஸா லினக்ஸா என்பது பெரிய விஷயமல்ல. ஒரே பகுதியில் இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாமல் எண் கொடுக்கக் கூடாது என்பதே விஷயம்.

யார் எழுதுகிறார்கள் என்பதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று கேட்கலாம். பாதுகாப்பான முறையில், ஒரு பதிவை எழுதியவர்தான் அதைத் திருத்தவோ அழிக்கவோ முடியும். கம்ப்யூட்டர் தானே எழுதிக்கொண்ட பதிவை, அந்தக் கம்ப்யூட்டர் கழித்துக் கட்டப்பட்ட பிறகும், அட்மிஷன் மேஜையால் அழிக்க முடியாது. டிஸ்சார்ஜ் ஆன நோயாளியின் பெயர் ரிஜிஸ்தரில் அப்படியே நிற்பது போலத்தான். பழைய பதிவுகளைத் துடைக்கும் வேலையும் விண்டோஸில் தானாக நடப்பதில்லை. அதை முடுக்கிவிட வேண்டும். முடுக்கினாலும், மாற்றாமல் விட்டால் 7 நாளும் மறுபடி 7 நாளுமாக இரண்டு வாரம் கழித்துத்தான் துடைக்கும். குத்தகை 8 நாளில் முடிந்து எண் வேறொருவருக்குப் போயிருக்கும். பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே எண்ணைக் காட்டும். மேலே சொன்ன பொட்டாசியம் தாள் மருந்தகத்துக்குப் போக இது ஒரு வழி.

பாதுகாப்பை எடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிடுகிறவர்களும் உண்டு. முதல் நாள் எல்லாம் சுமுகமாக ஓடும். பிறகு ஒருநாள் யாரோ ஒருவர் தன் லேப்டாப்புக்குப் பதிவேட்டு சர்வரின் பெயரையே வைத்துவிட்டால், முழு மருத்துவமனையும் அந்த லேப்டாப்பின் கதவைத் தட்டும். ஆகவே விண்டோஸில் எண் கொடுக்கும் சர்வருக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்து, அதன் பெயரில் எழுதவைக்க வேண்டும். லினக்ஸில் இரண்டு மேஜைகளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சாவி ஒன்றை வைப்பார்கள். முக்கியமான சர்வர்களின் பெயர்களை, தானாக எழுத இடமில்லாத தனிப் பக்கத்தில் கையால் எழுதிவைப்பது இன்னும் நல்லது. ஒரே பெயரில் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தால் இரண்டாவதை மறுப்பதற்கும் வழி உண்டு. பெயரோடு கூட அந்தக் கம்ப்யூட்டரின் கைரேகை போன்ற ஓர் அடையாளத்தைப் பதிவதற்கு 2006ல் விதி செய்தார்கள்.

குடும்பப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய விண்டோஸ் நெட்வொர்க்குகளில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் "லோக்கல்" என்று முடியும்படி வைப்பது வழக்கமாயிருந்தது. ஆப்பிள் கம்ப்யூட்டர்கள் அந்த முடிவை வேறு வேலைக்குப் பயன்படுத்துகின்றன. 2013ல் அது விதியாகவே ஆயிற்று. அந்தப் பெயரைக் கேட்டால் அவை விசாரணை மேஜைக்குப் போகாமல் பக்கத்திலிருப்பவர்களை விசாரித்துக்கொண்டிருக்கும். புதிதாக அமைப்பவர்கள் மருத்துவமனையின் சொந்த இன்டர்நெட் பெயருக்குக் கீழே ஒரு கிளையை எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால், உள்வீட்டு உபயோகத்துக்கென்றே 2024ல் ஒதுக்கப்பட்ட "இன்டர்னல்" என்ற முடிவை எடுத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்ரே, ஸ்கேன், லேப் மெஷின்களுக்கு எண் மாறவே கூடாது. அவற்றில் பல, படம் அனுப்ப வேண்டிய இடத்தைப் பெயரால் அல்ல, எண்ணாலேயே உள்ளே எழுதி வைத்திருக்கின்றன. திருத்துவதற்குக் கம்பெனி ஆளை வரவழைக்க வேண்டியிருக்கும். ஆயினும் ஒவ்வொரு மெஷினிலும் போய்க் கையால் எண் போடுவதைவிட, அதன் வன்பொருள் எண்ணைச் சர்வரில் எழுதி, "இது கேட்டால் இதே எண்ணைக் கொடு" என்று ஒதுக்கிவைப்பது சிறந்தது. சில வார்டுகளில் ஒரு குறிப்பிட்ட படுக்கையை எப்போதும் அவசர நோயாளிக்கென்று வைத்திருப்பார்கள் அல்லவா, அதுபோல. கைபேசிகளுக்கு இந்த ஒதுக்கீடு சரிவராது. 2020லிருந்து ஐபோன்களும், அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்து ஆண்ட்ராய்டு கைபேசிகளும், தங்கள் மெய்யான வன்பொருள் எண்ணை மறைத்துப் புனைப்பெயர் போல வேறொன்றைக் காட்டுகின்றன.

இவ்வளவும் ஒழுங்காக அமைந்த பிறகு கெடுக்க வருவது பெரும்பாலும் ஒரு சின்னப் பெட்டிதான். வைஃபை சரியாக எட்டவில்லை என்று யாராவது வீட்டிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினால், அதுவும் தன்பாட்டில் எண் கொடுக்கத் தொடங்கிவிடும். நல்ல சுவிட்சுகளில், அங்கீகரித்த சர்வரைத் தவிர வேறு யாரும் எண் கொடுக்காதபடி தடுக்கும் வசதி உண்டு. அதைப் போட்டுவைக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, லினக்ஸில் ஓடும் கீயா, பைண்ட் என்ற மென்பொருட்களுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. பழைய புத்தகங்களில் படிப்பவர்கள் கீயாவுக்குப் பதிலாக ஐஎஸ்சி டிஎச்சிபி என்ற பெயரைக் காண்பார்கள். அதைப் பராமரிப்பது 2022ல் நிறுத்தப்பட்டுவிட்டது, புதிதாக அமைக்கிறவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. செலவாவது இரண்டு சிறு சர்வர்களுக்கும், விஷயம் தெரிந்த ஒருவருடைய சில நாள் உழைப்புக்கும், யுபிஎஸ் பேட்டரிக்கும். இரண்டு சர்வர்கள் ஏனென்றால், ஒன்று படுத்தால் மற்றது அதே கணக்கோடு தொடர வேண்டும். யுபிஎஸ் ஏனென்றால், மின்சாரம் போய்த் திரும்பும்போது எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே சமயத்தில் எழுந்து எண் கேட்கும். சர்வர் அதற்குள் எழும்பியிராவிட்டால், கேட்டுக் கேட்டுச் சலித்த கம்ப்யூட்டர் 169.254 என்று தொடங்கும் எண் ஒன்றைத் தானே வைத்துக்கொள்ளும். அந்த எண்ணோடு இருக்கிற கம்ப்யூட்டரால் பதிவேட்டையும் எட்ட முடியாது, லேப்பையும் எட்ட முடியாது. வார்டு சிஸ்டர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த ஒரு எண்ணை மட்டுமே. அதைத் திரையில் கண்டால், பிரிண்டரை அணைத்துப் போட்டுக்கொண்டிராமல், உடனே கம்ப்யூட்டர் அறைக்குப் போன் செய்துவிடலாம்.