வயிற்றுக்குள் வந்த காற்று

கிள்ளான் வட்டாரத் தோட்டப் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். என் மாணவி ஒருத்தியின் தாயார், கருப்பையை நீக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியிருந்தார். மூன்று வாரம் கழித்து அவருக்கு வயிற்று உப்புசமும் தோள்வலியும் வந்தன. "வாயுதான் டீச்சர், ஓமத் தண்ணீர் குடித்தால் போய்விடும்" என்றார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த தங்கைதான் வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். எக்ஸ்ரே படத்தில் வலது உதரவிதானத்தின் கீழே பிறை போன்ற கறுப்பு நிழல் தெரிந்தது. அது காற்று. அவர் அனுமதியுடன் இதைச் சொல்கிறேன்.

வாயு என்று நாம் சொல்வது குடலுக்குள் இருப்பது. இதுவோ குடலுக்கு வெளியே, வயிற்றறையில் தங்கிய காற்று. அது உதரவிதானத்தை உறுத்தும்போது, அந்த நரம்பின் தொடர்பால் தோளில் வலி தெரிகிறது.

அறுவையின்போது புகுந்த காற்று பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் உடலில் கரைந்துவிடும். துளையிட்டுச் செய்யும் அறுவையில் செலுத்தப்படும் கரியமிலவாயு அதைவிட விரைவில் கரையும். மூன்று வாரத்துக்குப் பிறகும் காற்று தெரிந்தால், குடலில் ஓட்டை விழுந்ததோ என்பதே மருத்துவரின் முதல் ஐயம். அப்படியானால் உடனே வயிற்றைத் திறக்க நேரிடும்.

ஆனால் இவருக்குக் காய்ச்சல் இல்லை, வயிறும் மெத்தென்றிருந்தது. அப்படியானால் காற்று எந்த வழியாக வந்தது?

பெண்ணின் உடலில் கீழிருந்தும் ஒரு வழி உண்டு. நியூயார்க் மருத்துவர் ரூபின், 1920இல் வெளியிட்ட சோதனையில், கருப்பை வழியாக வாயுவைச் செலுத்திக் கருக்குழாய்கள் திறந்துள்ளனவா என்று பார்த்தார். குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றறையை அடையும், தோள்வலியும் வரும். கருப்பையை நீக்கியவர்களுக்கு அந்த வழி தையலால் மூடப்பட்டிருக்கும். தையல் விட்டால் காற்று மீண்டும் நுழையும்.

"இல்லற வாழ்வைத் தொடங்கிவிட்டீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். அந்த அம்மா தலைகுனிந்தார். பிறகு தங்கையின் காதில் சொன்னார். சோதித்தபோது உள்தையல் சிறிது விட்டிருந்தது. கீழ்வழியாகவே அதைச் சரிசெய்தார்கள், வயிற்றைத் திறக்கவில்லை.

தாய்மார்களே, அறுவைக்குப் பின் காய்ச்சல், வாந்தி, கூடிக்கொண்டே போகும் வலி, பலகை போல் இறுகிய வயிறு, இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்காதீர்கள். 999ஐ அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்கு விரையுங்கள். அறுவை நடந்த நாளைச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்பதற்கு மறைக்காமல் பதில் கூறுங்கள். விட்ட தையலை மருத்துவர் தைத்துவிடுவார். மறைத்த செய்தியை அவரால் எப்படி அறிய முடியும்?