ஊட்டி ரயில்ல டீசல் எஞ்சின்: ஏமாத்திட்டாங்களா?

ஊட்டி ரயில் பத்தி நான் எதைப் பேசினாலும் ஒரு கேள்வி மட்டும் தவறாம வந்து நிக்குது. "அண்ணா, குன்னூர்ல ஏறினோம், டீசல் எஞ்சினை மாட்டி ஓட்டிட்டாங்க. நீராவி எஞ்சின் எங்கே? ஏமாத்திட்டாங்களா?"

யாரும் ஏமாத்தலப்பா. குன்னூருக்கு மேல வழக்கமா டீசல்தான். கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏத்தம். அதுக்குத்தான் நடுவுல பல் தண்டவாளமும், அதைப் பல்சக்கரத்தால பிடிச்சு ஏறுற, சுவிட்சர்லாந்துல பொறந்த எக்ஸ் வகை நீராவி எஞ்சினும். குன்னூர் தாண்டினா பல் தண்டவாளமே கிடையாது. ஏத்தம் இருக்கு, ஆனா சாதா சக்கரமே பிடிச்சு ஏறிடும்.

'உயிரே' படத்துல ரயில் கூரை மேல ஆடினாங்களே, அந்தப் பாட்டு பண்ணின வேலைதான் இந்த நீராவி மோகம். எல்லாரும் புகையோடதான் ஊட்டி ரயிலை நினைச்சுக்கிறாங்க. சரி, ஒரு ரகசியம் சொல்றேன். நீங்க ஆசைப்படுற எக்ஸ் எஞ்சின்லயே பலது நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறி ரொம்ப நாளாச்சு. இப்போ யாரைக் கோவிச்சுக்கப் போறீங்க?

என் கட்சி என்னன்னா, அந்த டீசலே ஒரு பாரம்பரியம். பேரு ஒய்.டி.எம்.-4. அமெரிக்காவுல ஆல்கோ கம்பெனியோட வடிவமைப்பு, 1960-கள்ல இங்க வந்துச்சு. அப்புறம் கனடாவுல இருந்தும் வந்துச்சு, வாரணாசியிலயும் செஞ்சாங்க. ஆல்கோ 1969-லயே எஞ்சின் கட்டுறதை நிறுத்திட்டான். அவன் போயிட்டான், அவன் எஞ்சின் இன்னும் கேத்தி வளைவுல மூச்சு வாங்கிட்டு ஏறுது. இதைவிட என்ன பாரம்பரியம் வேணும் உங்களுக்கு?

எனக்கு அது பிடிச்சுப்போனது ஒரு டிசம்பர் காலையில. குன்னூர் ஸ்டேஷன், நல்ல குளிர், கையில டீ. நீராவி எஞ்சின் கழண்டு போகுது, மொத்தக் கூட்டமும் போனைத் தூக்கிட்டு அது பின்னாடி ஓடுது. இந்தப் பக்கம் டீசல் தனியா உறுமிட்டு நிக்குது. அந்த உறுமல் ஒரே சீரா இருக்காது. டக்...டக்டக்...டக்னு நொண்டும். ஆறு சிலிண்டர் ஆல்கோ சும்மா நிக்கும்போது அப்படித்தான். காது கொடுத்துக் கேளுங்க, அவ்வளவுதான் நான் கேக்குறது.

குன்னூர்ல ஒரு வேடிக்கை. ரயில் நேரா ஊட்டிக்குக் கிளம்பாது. முதல்ல கொஞ்ச தூரம் பின்னாடி வரும், நிக்கும், அப்புறம்தான் ஊட்டித் தண்டவாளத்துல ஏறும். நின்ன இடத்துல இருந்து லோகோ பைலட் நாட்சை, அதாவது எஞ்சினோட சக்திப் படியை, ஏத்தினதும் மேல குப்புனு ஒரு கரும்புகை. பக்கத்துல இருந்த அம்மா, "என்னங்க, எஞ்சின் எரியுதா?"ன்னு பதறிட்டாங்க. எரியலம்மா. நாட்ச் ஏத்தினா டீசல் உடனே உள்ள போயிடும். காத்தை அமுக்கித் தள்ளுற டர்போ வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். காத்து பத்தாத அந்த இடைவெளியில எரிஞ்சும் எரியாத டீசல்தான் அந்தப் புகை. டர்போ விசில் மேல ஏற ஏறப் புகை வெளுத்துடும். கண்ணை மூடிட்டே சொல்லலாம், இப்போ புகை குறையுதுன்னு. அதான் சொல்றேன், காது!

அரவங்காடு தாண்டினதும் தைல மர வாசனையும் டீசல் வாசனையும் ஒண்ணா ஜன்னல்ல வரும். அதை சென்ட் பாட்டில்ல அடைச்சுக் கொடுத்தாலும் நான் வாங்குவேன், வீட்டுலதான் திட்டுவாங்க. அப்புறம் கேத்தி. 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சி எடுத்த ஸ்டேஷன். அங்க இறங்கி நின்னு ஒருத்தர் கமல் மாதிரி குட்டிக்கரணம் போட்டுக் காமிச்சார். எஞ்சினை யாரும் பாக்கல.

இதே வகை டீசல் எஞ்சின் செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ்ல ஓடின காலம் இருக்கே, அடடா! முன்னாடி ஒண்ணு இழுக்கும், பின்னாடி ஒண்ணு தள்ளும். குகைக்குள்ள ரெண்டும் சேர்ந்து கத்தினா நெஞ்சுக்குள்ள அதிரும். பதிமூணு கண் பாலத்து மேல போகும்போது பின்னாடி எஞ்சினோட சத்தம் மலையில பட்டுத் திரும்பி வரும். 2010-ல அந்தப் பாதையை மூடி, அப்புறம் அகலப் பாதையாக்கிட்டாங்க. ஊருக்கு நல்லதுதான், மறுக்கல. சென்னைக்கு நேரா ரயில் வேணும்னா கேஜ் மாறித்தானே ஆகணும். ஆனா அந்த எஞ்சினுக்கெல்லாம் தண்டவாளமே இல்லாமப் போச்சு. தெற்கு ரயில்வேயில மீட்டர் கேஜ்னா இப்போ நீலகிரி ஒண்ணுதான் மிச்சம்.

ஐயோ, நேரம் ஓடிடுச்சு. நீங்க கேட்ட கேள்விக்கு விடை டிக்கெட்லதான் இருக்கு, வேகமாச் சொல்லிடுறேன். நீராவிதான் வேணும்னா மேட்டுப்பாளையம் - குன்னூர் பகுதி உங்க டிக்கெட்ல இருக்கணும். காலையில 7:10-க்கு மேட்டுப்பாளையத்துல கிளம்பும். குன்னூர் - ஊட்டி மட்டும் எடுத்தா டீசல். முன்பதிவுத் தளத்துல தேடும்போது மேட்டுப்பாளையம் எம்.டி.பி., குன்னூர் ஓ.என்.ஆர்., ஊட்டி யு.ஏ.எம். 'ஊட்டி'ன்னு தட்டிட்டு வரலன்னு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க. முன்பதிவு திறந்ததுமே போடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில மண் சரிஞ்சா ரயிலை ரத்து பண்ணிடுவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

உக்கார்ற இடம்? எஞ்சின் எப்பவும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாடி இருந்து தள்ளும், இறங்கும்போது முன்னாடி நின்னு தாங்கும். அதனால சத்தம் கேக்கணும்னா ஏறும்போது கடைசிப் பெட்டி, இறங்கும்போது முதல் பெட்டி. காட்சிதான் வேணும்னா இதை அப்படியே தலைகீழா மாத்திக்கோங்க. முன்னாடி பிரேக்ஸ்மேன் கொடி பிடிச்சு நிக்கிறதையும் பாக்கலாம். குன்னூர்ல எஞ்சின் மாத்தும்போது இறங்கிப் பாருங்க, ஆனா ரயில் பின்னாடி நகருதேன்னு "இது ஊட்டி வண்டி இல்லை போல"ன்னு நினைச்சு பிளாட்பாரத்துலயே நின்னுடாதீங்க. அப்படி நின்னவங்களை நானே பாத்திருக்கேன்.