கசப்பின் தரம்

பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே, பெரும்பாணாற்றுப்படையில், அரிசிக் கூழை ஆறவைத்து, முளைத்த நெல்லை இடித்துக் கலந்து, சாடியில் ஊறவிட்டு மது ஆக்கும் முறையையும் படிப்படியாக விவரித்திருக்கிறார். முளைத்த தானியத்தின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, அச்சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் ஆல்கஹாலாக மாற்றுகிறது என்பதே அம்முறையின் அடிப்படை. இன்றைய பீரும் அதே அடிப்படையில்தான் உருவாகிறது. நெல்லுக்குப் பதில் பெரும்பாலும் பார்லி இடம்பெறுவதும், ஹாப்ஸ் என்னும் பூ சேர்வதுமே பெரிய வேறுபாடுகள்.

ஹாப்ஸ் என்பது குளிர்ந்த நிலங்களில் வளரும் ஒரு கொடியின் பெண் பூங்கொத்து. இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அது பயிராகியிருக்கிறது. அதன் இதழ்களுக்கிடையே ஒட்டியிருக்கும் மஞ்சள் தூளான லூபுலினில் ஆல்ஃபா அமிலங்களும் நறுமண எண்ணெய்களும் உள்ளன. முளைகட்டிய பார்லியின் இனிப்பான வடிநீரில் ஹாப்ஸை நெடுநேரம் கொதிக்கவிட்டால், ஆல்ஃபா அமிலங்கள் வடிவம் மாறிக் கசப்பைத் தருகின்றன. எண்ணெய்களோ ஆவியோடு போய்விடுகின்றன. அதனால் மணம் வேண்டுவோர் கொதித்தலின் இறுதியிலும், நொதித்தலின்போதும் அதற்குப் பின்னும் மேலும் ஹாப்ஸைச் சேர்க்கின்றனர். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் அளவுக்கு இக்கசப்புப் பொருள் இருந்தால் அது ஒரு கசப்பு அலகு எனக் கொள்ளப்படுகிறது. அமெரிக்க பாணி இந்தியா பேல் ஏல் என்னும் பீர் வகையில் பொதுவாக 40 முதல் 70 அலகுகள் வரை இருக்கும்.

ஹாப்ஸ் மிகுந்த பீர் வகைகளுள் புகழ்பெற்ற இந்த இந்தியா பேல் ஏலின் பெயரில் இந்தியா இருப்பதற்கு வணிகமே காரணம். லண்டனின் கிழக்கே போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் பீர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் ஏறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதங்கள் பயணம் செய்து சென்னையையும் கல்கத்தாவையும் அடைந்தது. 1820களில் பர்ட்டன் நகர ஆலைகள் போட்டிக்கு வந்தபோது, அவ்வூர்த் தண்ணீரில் மிகுதியாகக் கரைந்திருந்த கால்சியம் சல்பேட் கசப்பைத் தெளிவாக எடுத்துக்காட்டியதால் அவற்றின் பீரே முன்னிலை பெற்றது. பயணத்தைத் தாங்குவதற்கென்றே இப்பானம் கண்டுபிடிக்கப்பட்டது என்று பரவலாகச் சொல்லப்பட்டாலும், ஹாப்ஸ் மிகுந்த வெளிர்நிற பீர் இங்கிலாந்தில் முன்பே இருந்தது என்பதும், சிப்பாய்கள் விரும்பிய கருநிறப் போர்ட்டர் பீரும் அதே கடல்வழியாகக் கெடாமல் வந்தது என்பதும் வரலாறு.

அந்த ஏல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தது அண்மையில்தான். 2010இல் பெங்களூரு இந்திராநகரில் தொடங்கிய டாயிட், 2012இல் தொடங்கிய ஆர்பர் போன்ற மைக்ரோபிருவரிகள், அதாவது தாங்கள் காய்ச்சியதைத் தங்கள் இடத்திலேயே பரிமாறும் சிற்றாலைகள், அந்த ஏல் உட்பட, சிறு அளவில் காய்ச்சப்படும் கிராஃப்ட் பீரை இந்திய நகரவாசிகளுக்குப் பழக்கப்படுத்தின.

இத்தகைய பீரை மதிப்பிட உலகெங்கும் பின்பற்றப்படும் முறைகளுள் ஒன்று, 1985இல் அமெரிக்காவில் உருவான பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் மதிப்பெண் தாள். மொத்தம் 50 மதிப்பெண்களில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரப்படும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10 என அது பகுக்கிறது. நிறத்தையும் நுரையையும் கண்டு மயங்குவோருக்கு, தோற்றத்துக்கு வெறும் மூன்றே மதிப்பெண் என்பது ஒரு பாடம்.

நடுவர், வாசனைத் திரவியம் பூசாமல் வந்து, சுத்தமான கண்ணாடிக் குவளையில் சிறிதளவே ஊற்றி, முதலில் முகர்கிறார். மண எண்ணெய்கள் விரைவில் ஆவியாகும் என்பதால் இதில் தாமதம் கூடாது. கடும் குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும் என்பதால் பீர் உறைநிலைக்கு அருகில் இருக்கக் கூடாது. ஹாப்ஸில் உள்ள லினலூல் நம் கொத்தமல்லி விதையிலும், ஜெரானியால் ரோஜாவிலும் இருப்பதால், இம்மணங்களை இனங்காணத் தமிழ்ச் சமையலறையில் வளர்ந்த மூக்குக்குச் சிரமம் இல்லை. பிறகு ஒரு மிடறு பருகி, விழுங்கிய பின்னும் கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி விலகுகிறது என்று கவனிக்கிறார். வேப்பம்பூ ரசத்தின் கசப்பு நாவைத் துலக்கிவிட்டு விலகுவதுபோல நல்ல ஹாப்ஸ் கசப்பும் தெளிவாக எழுந்து அடங்க வேண்டும். தொண்டையைப் பிடித்துக்கொண்டு, துவர்ப்போடு நெடுநேரம் தங்குவது குறை. அலகு எண் உயர்ந்திருப்பதாலேயே ஒரு பீர் உயர்ந்ததாகிவிடாது. மால்ட்டின், அதாவது முளைகட்டிய பார்லியின், இனிப்பு அக்கசப்பைத் தாங்குகிறதா என்பதே கேள்வி. அடுத்த பீருக்குச் செல்லுமுன் தண்ணீரும் வெறும் ரொட்டியும் நாவைச் சமன்செய்கின்றன. மென்மையானதில் தொடங்கி வலியதில் முடிப்பதே வரிசை.

குறைகளுக்கும் தனித்தனி அடையாளங்கள் உண்டு. வெண்ணெய் வாடை வீசினால் நொதித்தல் சரியாக முடியவில்லை என்றும், நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை எழுந்தால் ஆக்சிஜன் பட்டுப் பழசாகிவிட்டது என்றும் கொள்ளலாம். வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து துர்நாற்றமுள்ள கந்தகச் சேர்மமாக மாறுகிறது. பழுப்புநிறப் புட்டி அந்த ஒளியைத் தடுக்க, பச்சைப் புட்டி பெரிதும் விட்டுவிடுகிறது. வெப்பம் இச்சிதைவுகளில் பலவற்றை விரைவுபடுத்துவதால், கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் திருச்சிராப்பள்ளி போன்ற ஊர்களில் ஹாப்ஸ் பீர் குளிர்ப்பெட்டியை விட்டு வெளியே நிற்கக் கூடாது. மாதக்கணக்கில் கடலில் மிதந்து புகழ்பெற்ற பானத்தின் இன்றைய வடிவம், மணத்தையே நம்பியிருப்பதால், புதிதாக இருக்கும்போதுதான் முழுத் தகுதியோடு இருக்கிறது.

மது உடலுக்கு ஊறு செய்யக்கூடியது என்பதும், தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்க்கு அதை விற்கச் சட்டம் இடந்தராது என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. அருந்தாதவர் இதற்காகத் தொடங்கவும் வேண்டியதில்லை. அருந்துவோர் புட்டியில் உள்ள தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்கி, முகர்ந்து, மெல்லப் பருகி, சில மிடறுகளோடு நிறுத்திக்கொள்ளட்டும். சில மிடறுகளுக்குப் பிறகு நாவும் மூக்கும் தீர்ப்புச் சொல்லும் தகுதியை இழக்கத் தொடங்குகின்றன.