செவர்லே சின்னம், இசுஸு எஞ்சின்

அமெரிக்க நகரங்களில் ரொட்டியும் மேஜை நாற்காலிகளும் புல்வெட்டும் யந்திரங்களும் ஏற்றிக்கொண்டு, மூக்கில்லாத தட்டை முகத்தோடு குறுகிய சந்துகளிலும் வளைந்து திரும்பும் ஒரு ரக லாரி, நெற்றியில் செவர்லேயின் சின்னத்தைத் தாங்கியிருந்தபோதிலும், வாஸ்தவத்தில் ஜப்பானிய இசுஸு கம்பெனியின் என்.பி.ஆர். வண்டிதான். 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இசுஸுவில் 34.2 சதவீதப் பங்கை வாங்கிய சம்பந்தத்தின் பயனாக, 1980-களிலிருந்து ஒரே லாரி இசுஸு, செவர்லே, ஜி.எம்.சி. என்ற மூன்று நாமங்களோடு அங்கே விற்பனையாயிற்று. புதிய லாரியை ஆதியோடந்தமாக வடிவமைத்துச் சோதிப்பதற்காகும் பெருஞ்செலவை, கார்களைப்போல் லட்சக்கணக்கில் விற்காத நடுத்தர ரகத்தில் மீட்பது கடினமாதலால், பிறர் பெற்ற பிள்ளைக்குத் தம் வீட்டுப் பெயரைச் சூட்டுவது கம்பெனிகளுக்குச் சௌகரியமாக இருக்கிறது.

பழைய லாரி வாங்கப் போகிறவர் சின்னத்தைப் பாராமல், பதினேழு எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாள எண்ணைப் பார்ப்பது உத்தமம். அது ஜே என்று தொடங்கினால் வண்டி ஜப்பானில் செய்தது, 3 என்று தொடங்கினால் மெக்சிகோவில் செய்தது. பிறகு தாழ்ப்பாளை விடுவித்து ஓட்டுநர் அறையை அப்படியே முன்னால் சாய்த்தால், எஞ்சின் கைக்கெட்டும் தூரத்தில் பிரத்தியட்சமாகிவிடும். பெட்ரோல் ரகமாயின், இசுஸு என்றே பெயரிட்ட வண்டிக்குள்ளும் ஜெனரல் மோட்டார்ஸின் வி-8 உட்கார்ந்திருப்பது ஒரு வேடிக்கை.

இசுஸுவின் 5.2 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு அக்கம்பெனி 3,10,000 மைலை, அதாவது ஏறக்குறைய ஐந்து லட்சம் கிலோமீட்டரை, ‘பி-10 ஆயுள்’ என்று விளம்பரம் செய்தது. நூறு எஞ்சின்களில் பத்து மட்டுமே அத்தூரத்துக்குள் பெரிய ரிப்பேருக்கு வரும் என்பது அதன் தாத்பரியம். ஏறக்குறைய அதே உருவத்தில், போர்டும் நாவிஸ்டாரும் கூட்டாக மெக்சிகோவின் எஸ்கோபெடோவில் செய்து, போர்டு எல்.சி.எஃப். என்றும் இன்டர்நேஷனல் என்றும் விற்ற லாரியோ 2006-ம் ஆண்டு மாடலாகத் தொடங்கி 2009-ஓடு நின்றுபோயிற்று. அதன் 4.5 லிட்டர் வி-6 டீசல், வாரண்டிச் செலவு யாருடையது என்று இவ்விரு கம்பெனிகளையும் நீதிமன்றம்வரை இழுத்த 6.0 லிட்டர் வி-8-ன் வம்சம். புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் சாதனத்தில் கசிவு காண்பது அந்த வி-8-ன் பிரசித்தமான வியாதி.

உபயோகிக்கும் விதமும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. 2007-க்குப் பின் வந்த டீசல் லாரிகளின் புகைவடிகட்டி, வண்டி நீள ஓடிச் சூடேறினால்தான் தன்மேல் படிந்த கரியை நன்கு எரித்துக்கொள்ளும். தெருவுக்குத் தெரு நின்று, எஞ்சினை அணைக்காமலே சரக்கிறக்கும் வண்டியில், சின்னம் எதுவானாலும் அது அடைத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், இவையனைத்தையும்விட முக்கியம் உதிரி பாகங்களே. ஸ்டெர்லிங் 360 என்று டைம்லர் குழுமம் விற்ற லாரி மிட்சுபிஷி பூஸோவின் கேன்டரேயாதலால், 2009-ல் ஸ்டெர்லிங் என்ற பெயரே மறைந்தபோதும் அதன் சொந்தக்காரர்கள் பூஸோ கடைப்படியை மிதித்துக் காரியத்தைச் சாதித்துக்கொள்ள முடிந்தது. அந்தப் பூஸோவும் 2020-ல் அமெரிக்காவில் புதிய லாரி விற்பனையை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது.