ஜனவரி 26: பிரதிக்ஞைத் திருநாள்

ஒரு தேசம் கொண்டாடும் திருநாட்கள் இருவகைப்படும். வரம் கிடைத்த நாள் ஒன்று. விரதம் பூண்ட நாள் மற்றொன்று. ஆகஸ்டு 15 முதல் வகையினது. ஜனவரி 26 இரண்டாம் வகையினது. அரசியல் சட்டம் அமுலுக்கு வந்த தினம் என்ற அளவில் எல்லோரும் இதை அறிவர். அச்சட்டம் இந்தத் தேதிக்காக ஏன் இரண்டு மாதம் காத்திருந்தது என்பதை அறிந்தவர் சிலரே. அதை அறியாதவனுக்கு இந்நாள் அணிவகுப்பும் விடுமுறையுமாகவே முடிந்துவிடும்.

பூர்ண சுயேச்சை என்ற சொல்லைக் காங்கிரஸ் மகாசபை ஒரே நாளில் ஏற்றுக்கொண்டு விடவில்லை. 1921-ல் அகமதாபாத்தில் மௌலானா ஹஸ்ரத் மோஹானி அதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார், காந்தியடிகள் எதிர்த்தார், தீர்மானம் தோற்றது. 1927-ல் டாக்டர் அன்ஸாரி அக்கிராசனம் வகித்த சென்னைக் காங்கிரஸில் அது தேசத்தின் லட்சியமென ஏற்கப்பட்டது. ஆயினும் மறு வருஷமே நேரு அறிக்கை குடியேற்ற நாட்டந்தஸ்தோடு திருப்தியடைந்தது. 1928 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு சமரஸம் ஏற்பட்டது: ஒரு வருஷத்திற்குள் பிரிட்டிஷார் அவ்வறிக்கையை ஒப்புக்கொள்ளாவிடில் காங்கிரஸ் ஒத்துழையாமையில் இறங்கும் என்பதே அது.

தவணை கடந்தது. 1929 அக்டோபர் 31-ந் தேதி லார்டு இர்வின் குடியேற்ற நாட்டந்தஸ்தைப் பற்றி இனிய வார்த்தைகள் கூறினார்; டிசம்பர் 23-ந் தேதி தலைவர்கள் நேரில் கேட்டபோது உறுதி எதுவும் தரவில்லை. அதன்மேல்தான் லாகூர் மகாசபை, பண்டித ஜவஹர்லால் நேருவின் தலைமையில், சுயராஜ்யம் என்ற பதத்திற்குப் பூர்ண சுயேச்சை என்பதே பொருள் என்று தீர்மானித்தது. டிசம்பர் 31 நள்ளிரவில் ராவி நதிக்கரையில் கொடி ஏறிற்று. 1930 ஜனவரி 2-ந் தேதி கூடிய காரியக் கமிட்டி, அம்மாதம் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையைச் சுதந்திர தினமாகக் குறித்தது.

அன்று ஜனங்கள் எடுத்த பிரதிக்ஞை வெறும் ஆவேச உரையன்று. நியாயஸ்தலத்தில் தாக்கல் செய்யும் பிராதுபோல் அதில் வியாஜ்ய மூலமும் உண்டு, கோரும் பரிகாரமும் உண்டு. இந்தியனின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு ஏழு காலணா, அதாவது ஒன்றே முக்கால் அணா என்றது. வரிகளில் நூற்றுக்கு 20 பங்கு குடியானவனின் நிலத்திலிருந்தும், 3 பங்கு ஏழையை அதிகம் வருத்தும் உப்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது என்றது. கைராட்டினம் அழிக்கப்பட்டதால் குடியானவன் வருஷத்தில் நான்கு மாதமாவது வேலையின்றி இருக்கிறான் என்றது. இவ்வாட்சிக்கு இனியும் அடங்கியிருப்பது மனிதனுக்கும் கடவுளுக்கும் செய்யும் குற்றம் என்று முடித்தது. கூட்டங்களில் பிரசங்கம் வேண்டாம், பிரதிக்ஞையைப் படித்துக் கை தூக்கினால் போதும், எஞ்சிய பொழுதை நிர்மாண வேலையில் கழியுங்கள் என்றார் காந்தியடிகள்.

அந்தக் கைகள் வீணில் உயரவில்லை. 45-வது நாளில் தண்டி யாத்திரை புறப்பட்டது. ஏப்ரலில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்குத் தொண்டர் படையோடு நடந்தார். 1932-ல் இதே ஜனவரி 26-ந் தேதி சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றினார் ஆர்யா என்னும் பாஷ்யம். ஆண்டுதோறும் தடியடியையும் சிறையையும் ஏற்று இத்திருநாளை ஜனங்கள் நடத்தி வந்தார்கள்.

ஆனால் அதிகாரம் கைமாறிய தேதியை நாம் தெரிந்தெடுக்கவில்லை. ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவென்று ஆகஸ்டு 15-ஐக் குறித்தவர் மவுண்ட்பேட்டன். அன்று சட்டப்படி நமக்குக் கிடைத்ததும், லாகூரில் போதாதென்று தள்ளிய குடியேற்ற நாட்டந்தஸ்தே. ராவிக்கரையோ அந்நிய தேசமாயிற்று. ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1950 ஜனவரி வரை நமக்கும் மன்னராகவே இருந்தார். அரசியல் நிர்ணய சபை 1949 நவம்பர் 26-ந் தேதி சட்டத்தை நிறைவேற்றியது. பிரஜா உரிமை, தேர்தல் முதலியன பற்றிய சில ஷரத்துக்கள் உடனே அமுலாயின. எஞ்சியவை ஜனவரி 26-ல் அமுலாகும் என்று 394-வது ஷரத்து விதித்தது. பிரிட்டிஷ் பார்லிமெண்டு இயற்றிய 1947-ஆம் வருஷத்து இந்திய சுதந்திரச் சட்டத்தையே 395-வது ஷரத்து ரத்து செய்தது. லாகூர்ப் பிரதிக்ஞை நிறைவேறியது அன்றுதான்.

முழுதும் நிறைவேறிற்றா? அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் அசமத்துவமுமாக ஒரு முரண்பாட்டினுள் ஜனவரி 26 அன்று புகப்போகிறோம் என்று அரசியல் நிர்ணய சபையிலேயே எச்சரித்தார் டாக்டர் அம்பேத்கர். உழைப்பின் பயனை அனுபவிப்பதும், வாழ்க்கைக்கு வேண்டியவற்றைப் பெறுவதும் ஜனங்களின் பிரிக்கவொண்ணா உரிமை. அதைப் பறிக்கும் சர்க்காரை மாற்றவும் அவர்களுக்கு உரிமையுண்டு என்பது 1930-ஆம் வருஷத்துப் பிரதிக்ஞையின் முதல் வாசகத்தின் கருத்து. அதில் அந்நிய சர்க்கார், சுதேச சர்க்கார் என்ற பேதம் இல்லை. பிரதிவாதி ஊரைவிட்டுப் போனதால் பிராது காலாவதியாகி விடாது. இப்போது பதில் சொல்லும் கடமை நம்மைச் சார்ந்தது.

ஆகவே தேசத் தொண்டர்களுக்கு நாம் கூறுவது இதுவே. கொடியேற்றி மிட்டாய் வழங்குவதோடு நில்லாமல், அப்பிரதிக்ஞையை ஊர்தோறும் தமிழில் படியுங்கள். நம் ஊர்க் கூலிக்காரனின் இன்றைய நாள் வருமானம் என்ன, அவன் வருஷத்தில் எத்தனை மாதம் வேலையின்றி இருக்கிறான் என்று விசாரித்து அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். 1930-ல் நம்மவர் அந்நியனிடம் கேட்ட கணக்கு அது. அதை நாமே நமக்கு ஒப்புவிக்கும் தினம் ஜனவரி 26.