சீனி வருத்தமும் கண் சத்திரசிகிச்சையும்: மலையில் வாழ்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி

சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் மருந்து எடுப்பவர்கள்கூட கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். வலி இல்லை, பார்வையும் தெளிவாகத்தான் இருக்கிறது. கலஹா பக்கத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு கண்டிக்குப் போய்வருவது என்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஆனால் நீரிழிவு விழித்திரையை வலியில்லாமல்தான் கெடுக்கிறது.

இரத்தத்தில் சீனி பல வருடங்கள் கூடியிருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. ஒட்சிசன் கிடைக்காத இடங்களில் புதிய குழாய்கள் முளைக்கின்றன. பலவீனமான இவை வெடித்து, கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது. கறுப்புப் புள்ளிகளோ சிலந்தி வலை போன்ற நிழலோ தெரியும். பின்னர் உருவாகும் தழும்பு விழித்திரையை இழுத்துக் கழற்றிவிடலாம்.

ஆரம்பத்தில் லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசியும் உதவும். இரத்தம் தெளியாவிட்டாலோ விழித்திரை இழுபட்டாலோ சத்திரசிகிச்சை தேவை. 1970 இல் அமெரிக்காவின் மயாமியில் வைத்தியர் ரொபேர்ட் மக்கெமர் தொடங்கிய முறை இது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு மில்லிமீற்றரிலும் சிறிய மூன்று துளைகள் இட்டு, இரத்தம் கலந்த கண்ணாடி உடனீரையும் தழும்பையும் அகற்றுவார்கள். ஷெல் துண்டு பாய்ந்த கண்ணிலிருந்து அதை எடுப்பதற்கும் இதே முறை பயன்படுகிறது.

விழித்திரையை அழுத்திப் பிடிக்க, முடிவில் சிலருக்கு வாயுவோ சிலிக்கன் எண்ணெயோ நிரப்புவார்கள். மலைவாசிகள் கவனிக்க வேண்டியது இதைத்தான். கொழும்பு தேசிய கண் வைத்தியசாலை இருப்பது கடல் மட்டத்துக்கு அண்மையில். கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கலஹாவின் மேல் தோட்டங்கள் அதைவிட உயரம். மேலே ஏற ஏற வளியமுக்கம் குறையும், கண்ணுக்குள் உள்ள வாயு விரியும். கண் அழுத்தம் கூடி, கடும் வலியுடன் பார்வையே போகலாம். விமானப் பயணமும் இதே ஆபத்துத்தான்.

வாயு கரைய அதன் வகையைப் பொறுத்து இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். எண்ணெய் விரியாது, ஆனால் அதை எடுக்கப் பெரும்பாலும் இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டும். ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன்பே கேளுங்கள்: "டொக்டர், எங்கள் வீடு மலையில். வாயு வைத்தால் எப்போது வீட்டுக்குப் போகலாம்?" வழியில் கண் வலித்தால் மேலே ஏறாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். சோதனைக்கு விடும் சொட்டு மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.