நிழலுக்கு ஒரு பூச்செடி: கனகாம்பரம்

ஒரு நேயர் அனுப்பின கேள்வியிலிருந்து இன்னைக்குத் தொடங்குறேன். "வீட்டுக்குப் பக்கத்துல வேப்பமரம் நிக்குது. காலையில கொஞ்ச நேரம்தான் வெயில். மல்லி வச்சேன், இலைதான் வருது, பூவே காணோம். அங்க என்னதான் வைக்கிறது?"

மல்லி மேல தப்பில்லை. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம மதுரை மல்லிக்கு நாள் முழுக்க வெயில் வேணும். அந்த இடத்துக்குக் கனகாம்பரம் வைங்க. வருஷம் முழுக்கக் கரும்பச்சை இலையோட நிக்கிற குத்துச்செடி அது. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதோட பூர்வீகம். ஆடாதோடை குடும்பத்தைச் சேர்ந்தது. வாசம் கிடையாது, ஆனா பறிச்ச பூ சீக்கிரம் வாடாது.

நிழல்னதும் இருட்டு மூலையில கொண்டுபோய் வச்சிடாதீங்க. இலை நல்லா இருக்கும், பூக்கதிர் குறைஞ்சிடும். காலை வெயில் மூணு நாலு மணி நேரம், அப்புறம் மர நிழல். இதுதான் அதுக்குப் பிடிச்ச இடம். பூ முடிஞ்ச கதிரை அப்பப்போ நறுக்கி விடுங்க. பக்கக்கிளை வெடிச்சு அடுத்த கதிர் வரும்.

இனி என் தப்பைச் சொல்றேன். பசுமலையில எங்க வீட்டு வாசல்ல அம்மா வச்ச கனகாம்பரம் நாலு செடி இருந்தது. அம்மா போனதுக்கப்புறம் பார்த்துக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. சித்திரை வெயில்ல மலைப்பாறை சூடேறி, ராத்திரி வரைக்கும் அனல் அடிக்கும். மத்தியானம் செடி தலை தொங்கினதும் பதறிப்போய் காலையும் மாலையும் போர் தண்ணியை ஊத்தினேன். இலை வெளுத்தது. சத்துப் பத்தலைன்னு உரத்தைப் போட்டேன். ரெண்டு மாசத்துல நாலும் போச்சு.

என்ன நடந்ததுன்னு பிறகுதான் புரிஞ்சுது. மத்தியானம் தொங்கி, சாயங்காலம் தானா நிமிர்ந்தா அது வெறும் வெயில் களைப்பு. மண்ணு ஈரமா இருந்தும் காலையிலேயே தொங்கினா, பிரச்சினை வேர்ல. வேர் அழுகியிருக்கலாம், வாடல் நோயா இருக்கலாம், நூற்புழு வேரைத் தின்னிருக்கலாம். அதனால விரலை ரெண்டு அங்குலம் மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி விடுங்க. செத்த செடியைப் பிடுங்கின அதே குழியில மறுபடி கனகாம்பரம் வைக்காதீங்க. புதுக் குழியில செம்மண், மட்கின தொழுஉரம், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்து வைங்க.

அடுத்தது மஞ்சள். எந்த இலை மஞ்சளாகுதுன்னு பாருங்க. கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையா நின்னா அது இரும்புச்சத்துக் குறை. வாளியில வெள்ளையாப் படியுதே, அந்த மாதிரிக் கடினத் தண்ணியைத் தொடர்ந்து ஊத்தினா மண்ணு காரத்தன்மை ஆயிடும். அப்போ மண்ணுல இரும்பு இருந்தாலும் வேரால எடுத்துக்க முடியாது. எவ்வளவு உரம் போட்டும் மஞ்சள் மாறாததுக்கு அதுதான் காரணம். அன்னபேதி உப்பு, அதாவது பெர்ரஸ் சல்பேட், ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் கரைச்சு, வெயில் தாழ்ந்தப்புறம் இலையில தெளிங்க. மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருந்தா அதைச் செடிக்குக் கொடுங்க.

எங்க வீட்டுல இருந்தது டெல்லி கனகாம்பரம். ஆரஞ்சு நிறம், அகலமான இதழ். நாட்டு வகையில காய்ஞ்ச நெத்து ஈரம் பட்டதும் வெடிச்சு விதை தெறிக்கும். டெல்லி வகையில அது நடக்காது. அதுல குரோமோசோம் தொகுதி மூணு. அதனால விதை பிடிக்காது. ஒரு செடியோட குச்சியிலிருந்துதான் அடுத்த செடி. நாலும் போனதும், அம்மா செடி அதோட முடிஞ்சதுன்னே நினைச்சேன்.

எதிர்வீட்டு அக்காகிட்ட ஒருநாள் புலம்பினேன். "அட தம்பி, எங்க கொல்லையில நிக்கிறது உங்கம்மா குடுத்த குச்சிதான்"னாங்க. போய்ப் பார்த்தா இடுப்பு உயரத்துக்குப் பூத்து நிக்குது. குச்சியில வந்த செடிங்கிறதால அது வேற செடி இல்லை, அம்மா வச்ச அதே செடிதான்.

ஆவணியில அதுலருந்து ஆறு நுனிக்குச்சி வெட்டினேன். ஒவ்வொண்ணுலயும் நாலு கணு. கீழ் இலையைக் கிள்ளிட்டு, பூக்கதிர் இருந்தா அதையும் எடுத்துட்டு, மணலும் செம்மண்ணும் கலந்த தொட்டியில ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி நட்டேன். மேல ஒரு பிளாஸ்டிக் பையைக் கவுத்து, நிழல்ல வச்சேன். தினமும் காலையில கொஞ்ச நேரம் பையைத் திறந்து காத்துப் படவிட்டேன். ஒரு மாசத்துல நாலு குச்சி வேர் விட்டது.

நாலுல ரெண்டைத்தான் எங்க வீட்டுல வச்சேன். மத்த ரெண்டைத் தெருவுல ரெண்டு வீட்டுக்குக் கொடுத்துட்டேன். உங்ககிட்ட டெல்லி கனகாம்பரம் இருந்தா நீங்களும் அப்படியே செய்யுங்க. உங்க செடி போனாலும் தெருவுல ஒரு வீட்டுல அது நிக்கும்.